ஆடியில் ஊன்றி மாசியில் நெற்றெடுக்கும் அவரை

தமிழ்நாட்டு வீட்டுக் கொல்லைகளில் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் காய்கறிக் கொடிகளில் அவரை முதன்மையானது. தாவரவியலில் லாப்லாப் பர்பூரியஸ் என்று பெயர் பெற்ற இந்த இனத்தின் காட்டு வகைகள் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் இன்றும் இருக்கின்றன. தென்னிந்தியாவுக்கும் அது புதிதல்ல. கர்நாடகத்தில் ஹல்லூர், சங்கனகல்லு ஆகிய புதிய கற்கால ஊர்களில் நடந்த அகழாய்வுகளில் கருகிய அவரை விதைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றின் வயது 3,000 ஆண்டுகளுக்கும் மேல். குறுந்தொகைப் பாடல் ஒன்றில், குறவன் தினை அறுத்த புனத்தில் அவரைக் கொடி பூக்கும் முன்பனிக் காலம் வந்தும் தலைவன் திரும்பவில்லையே என்று தலைவி வருந்துகிறாள்.

அந்தப் பாடலில் வரும் பருவம் இன்றைக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, புரட்டாசி வரை இலையும் கொடியுமாகவே ஓடும். ஐப்பசி, கார்த்திகையில் பூங்கொத்து நீட்டத் தொடங்கி, மார்கழி, தையில் பந்தல் நிறையக் காய்க்கும். மழை அதிகமானாலும் குறைந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாகப் பிசகுவதில்லை. கொடி பார்ப்பது மழையை அல்ல, பகலின் நீளத்தை. பகல் குறைந்து இரவு நீளும்போது மட்டும் பூக்கும் செடிகளைக் குறும்பகல் செடிகள் என்பார்கள். அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் கார்னரும் ஆலர்டும் புகையிலையிலும் சோயா அவரையிலும் இந்த இயல்பைக் கண்டறிந்து 1920-இல் வெளியிட்டார்கள். நடுத் தமிழ்நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே உள்ள வேறுபாடு சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சிறு வேறுபாட்டையும் அவரை இலை அளந்துவிடுகிறது.

இதனால் விதை சேமிப்பவருக்குப் பெரிய ஆதாயம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து பனி இறங்கும் தை, மாசி மாதங்களில் காய் முற்றி நெற்றாகிறது. ஈரமில்லாத காற்றிலும் இளவெயிலிலும் நெற்று கொடியிலேயே காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் முற்ற நேர்ந்தால் பூஞ்சணம் பிடித்து, விதை உள்ளேயே முளைவிட்டுக் கெடும். ஆடிப் பட்டம் தேடி விதை என்ற சொலவடையை விதைக்கும் நாளுக்கான அறிவுரையாகத்தான் பலரும் படிக்கிறார்கள். அவரையைப் பொறுத்தவரை அது விதையெடுக்கும் நாளையும் சேர்த்தே குறிக்கிறது. ஒரு ஊரின் அவரை அந்த ஊரின் மழைக்கும் பனிக்கும் வெயிலுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியிருக்கிறது. விதையைச் சேமிக்கும்போது உண்மையில் சேமிக்கப்படுவது அந்தப் பழக்கம்தான்.

பட்டம் தவறினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டம் போடும் பலரும் நேரில் பார்த்திருப்பார்கள். சித்திரையில் ஊன்றிய நாட்டு அவரை ஆறு மாதம் வெறும் கொடியாக ஓடி, கூரையையும் வேலியையும் மூடி நிற்கும். ரகம் சரியில்லை என்று அதை வெட்டி எறிபவர்களும் உண்டு. ரகத்தில் குறையில்லை, விதைத்த மாதம்தான் தவறு. இரவெல்லாம் தெருவிளக்கு எரியும் இடத்தில் கொடி ஏறினாலும் பூப்பது தள்ளிப்போகலாம். அந்தக் கொடிக்கு இரவு இன்னும் நீளவில்லை. இதைத் தாண்டுவதற்காகத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்களை உருவாக்கின. பந்தல் வேண்டாம், எந்த மாதமும் விதைக்கலாம், ஒரே சமயத்தில் காய்க்கும். சந்தைக்குப் பயிரிடும் உழவருக்கு இது நல்ல வரம். ஆனால் வீட்டுக்குத் தேவை வேறு. நாளைக்கு ஒரு கை காய் என்று மூன்று நான்கு மாதம் தொடர்ந்து கொடுக்கும் கொடிதான் அடுப்படிக்கு உதவும். அதனால் கொடி அவரையைக் காக்கும் இடமாகக் கொல்லையும் மாடியும்தான் மிஞ்சியிருக்கின்றன.

அவரையும் மொச்சையும் ஒரே இனத்தின் இரு முகங்கள். தோலோடு சமைக்கும் அளவுக்கு மெல்லிய தோலுள்ளது அவரை. தோல் தடித்து, நார் ஏறி, உள்ளிருக்கும் பருப்புக்காக வளர்ப்பது மொச்சை. பச்சை மொச்சைத் தோலில் கசியும் பிசுக்கும் அதன் தனி வாசமும் கையில் ஒட்டிக்கொண்டு எளிதில் போகாது. பொங்கலன்று வைக்கும் பல காய்க் குழம்பில் மொச்சை கட்டாயம் இடம்பெறுவதற்கும் பெங்களூருவில் மார்கழி, தைக் குளிரில் அவரேகாய்ச் சந்தை களைகட்டுவதற்கும் காரணம் மேலே சொன்ன அதே பகல் கணக்குதான். அவரையில் மட்டுமே பெல்ட் அவரை, யானைக்காது அவரை, பட்டை அவரை, ஊதா அவரை என்று பெயர்கள் நீளும். வெள்ளைப் பூ, ஊதாப் பூ, பச்சைக் காய், சிவப்பு ஓரம் வைத்த காய், கறுப்பு விதை, செம்பழுப்பு விதை என்று வேறுபாடுகளும் ஏராளம். எந்த நிறமானாலும் அவரை விதையை ஒன்று காட்டிக்கொடுத்துவிடும்: விதையின் விளிம்பில் தடித்து நீண்டு கிடக்கும் வெள்ளை வரி. வேறு பயறுகள் பலவற்றில் அந்த இடத்தில் ஒரு சிறு தழும்புதான் இருக்கும்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற பயறு உறவுகள் இன்னும் சில உண்டு. தட்டைப்பயறும் அதன் நீளக்காய் வடிவமான, யாழ்ப்பாணத்தார் பயிற்றங்காய் என்று அழைக்கும் காராமணியும் விதை சேமிக்கப் பழகுபவருக்கு மிக எளியவை. அவற்றின் பூ விடிகாலையில் விரிந்து நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். அதற்கு முன்பே தன் மகரந்தத்தால் கருவுற்றிருக்கும். நான்கு பட்டையாக இறகு விரித்த காயுள்ள சிறகு அவரையில் இலை, பூ, காய், விதை, கிழங்கு எல்லாமே உண்ணத் தகுந்தவை. 1975-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டு, வெப்ப நாடுகளின் புரதப் பயிராக முன்வைத்தது. அதன் விதைத்தோல் மிகக் கடினமானது. உப்புத்தாளில் ஒருமுறை தேய்த்து இரவு ஊறவைத்தால்தான் ஒழுங்காக முளைக்கும்.

ஒரு முழ நீளம் வரை வளரும் தம்பட்டை அவரையைப் பிஞ்சாகவே சமைத்துவிட வேண்டும். முற்றிய விதையில் நச்சுப் பொருள்கள் இருப்பதால், ஊறவைத்து, வேகவைத்த நீரைக் கொட்டி, மீண்டும் வேகவைக்காமல் உண்ணக் கூடாது. கருநிற அவரை, மொச்சைப் பருப்புகளுக்கும் இதே கவனம் வேண்டும். தம்பட்டையின் மிக நெருங்கிய உறவான ஜாக் அவரைக்கு அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. ஜேம்ஸ் சம்னர் 1926-இல் அதன் விதை மாவிலிருந்துதான் யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். உலகில் முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதி அது. அதற்காக 1946-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. மூக்குத்தி அவரை பெயரில் மட்டுமே அவரை. அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அதில் உண்பது பூவின் காம்பைத்தான்.

விதை வாங்கும்போது இளஞ்சிவப்போ பச்சையோ சாயம் ஏறிய விதை என்றால் அது பூஞ்சணக்கொல்லி பூசியது. ஊன்றலாம், வாயில் வைக்கக் கூடாது. நாட்டு விதை பெரும்பாலும் வாரச் சந்தை, விதைத் திருவிழா, உறவினர் வீட்டுக் கொல்லை என்றுதான் கைக்கு வருகிறது. வாங்கும்போதே ஊர்ப் பெயர், கொடுத்தவர் அதை அழைக்கும் பெயர், பூவின் நிறம், அவர் விதைக்கும் மாதம் ஆகிய நான்கையும் எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் ஊரில் யானைக்காது என்பதை இன்னோர் ஊரில் பட்டை என்பார்கள். ஒரே பெயரில் இரு வேறு விதைகளும் புழங்கும். இந்த நான்கு குறிப்பும் இல்லாத விதை இரண்டே ஆண்டில் அடையாளம் இழந்துவிடும்.

ஊன்றுவதற்கு இரண்டடி அகல, ஆழக் குழியெடுத்து மக்கிய தொழுவுரம் கலந்து மூடி, நாலு விதையை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, முளைத்தபின் நல்ல இரண்டை விட்டுவைத்தால் போதும். மாடியில் 20 லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். அவரை வேரின் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. முடிச்சைப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது வேலை நடப்பதன் அடையாளம். யூரியாவைப் போட்டால் இலை செழித்துப் பூ குறையும். கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட, பக்கக் கிளைகள் பரவும். பூங்கொத்தில் கருப்பு அசுவினி அப்பிக்கொள்வது அவரைக்கு வழக்கமான தொல்லை. எறும்பு சாரைசாரையாகப் பந்தல் ஏறினாலே அசுவினி வந்துவிட்டதென்று கொள்ளலாம். முதல் கொத்திலேயே கையால் நசுக்கி, நீரைப் பீய்ச்சி அடித்தால் பெரும்பாலும் அடங்கும். மிஞ்சினால் வேப்பெண்ணெய்க் கரைசல். இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக மாறிச் சுருங்கிய கொடியில் விதை எடுக்கவே கூடாது, காய் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அவரைப் பூவின் மகரந்தம் பூ விரியும் முன்பே உள்ளுக்குள் சூலகமுடியைத் தொட்டுவிடுகிறது. பூசணியையும் பீர்க்கையும் போல அடுத்த வீட்டு ரகத்தோடு அது எளிதில் கலப்பதில்லை. வணிகத்திலும் அவரைக்கு வீரிய ஒட்டு விதைகள் அரிதாக இருப்பதற்கு இதுவே காரணம். விதை சேமிக்கத் தொடங்குபவர்கள் அவரையிலிருந்து தொடங்குவதே சரி. ஆனாலும் கலப்பே இல்லையென்று சொல்ல முடியாது. ரீங்காரத்தோடு வரும் பெரிய கருவண்டு பூவின் கீழிதழ் மேல் உட்கார்ந்து அழுத்தும்போது உள்ளிருக்கும் சூலகத்தண்டு வெளியே வந்து அதன் உடம்பில் உரசும். முந்தைய பூவின் மகரந்தம் அப்படித்தான் வந்து சேர்கிறது. இரண்டு ரகங்களை ஒரே பந்தலில் ஏற்றினால் இந்தக் கலப்பு ஓரளவு நடக்கலாம். அது அந்த ஆண்டு கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். விதைத்தோல் தாய்ச்செடியின் பாகம் என்பதால், கலந்த விதையும் கலக்காத விதையும் ஒரே நிறத்தில்தான் இருக்கும். அடுத்த ஆண்டு ஊன்றி, பூவோ காயோ மாறி வரும்போதுதான் வெளிப்படும். ரகத்தைத் தூய்மையாக வைத்திருக்க நினைப்பவர் ஒரு பருவத்தில் ஓர் அவரை ரகம் மட்டும் ஏற்றலாம். இரண்டு வேண்டுமென்றால், விதைக்கென்று ஒதுக்கும் பூங்கொத்துகளை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய மல் துணிப் பையில் கட்டி, பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றிவிடலாம்.

விதைக்குத் தேர்வது காயை அல்ல, கொடியை. பெரிய காயாகப் பொறுக்கியெடுப்பது பலருக்கும் வழக்கம். நோயில் வாடிய கொடியிலும் ஒரு பெரிய காய் இருக்கத்தான் செய்யும். நோய் தாங்கி, அசுவினி குறைந்து, அந்த ரகத்துக்குரிய காயைத் தொடர்ந்து கொடுக்கும் கொடியில் ஒரு துணித் துண்டைக் கட்டி அடையாளம் வைத்து, அதன் நல்ல கொத்துகளைப் பறிக்காமல் விட வேண்டும். வீட்டில் உள்ள எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். விதைக் காய் பெரும்பாலும் பொரியலில் முடிவது சொல்லாமல் விட்டதால்தான். ஒரே கொடியின் விதையை மட்டும் ஆண்டுக்கு ஆண்டு எடுத்துவந்தால் ரகத்துக்குள் இருக்கும் இயற்கையான வேறுபாடு சுருங்கிவிடும். ஐந்தாறு கொடியிலாவது எடுத்துக் கலந்து வைப்பது நல்லது. அவ்வளவு இடமில்லாத வீடுகள் ஒரே ரகத்தை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வளர்த்து விதையைக் கலந்துகொள்ளலாம்.

காய் பசுமை வற்றி, தோல் காகிதம் போலாகி, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கும் நிலையே நெற்று. பனி காய்ந்தபின் பறித்து, நிழலில் இரண்டு நாள் பரப்பி, பிறகு கையால் உரித்து, முறத்தில் புடைத்து, சூம்பியதையும் துளை விழுந்ததையும் நிறம் மாறியதையும் ஒதுக்க வேண்டும். காய்ச்சலுக்குக் காலை வெயிலும் மாலை வெயிலும்தான் ஏற்றவை. உச்சி வெயிலில் சிமெண்டுத் தளத்தில் பரப்பினால் சூடு ஏறி முளை செத்துவிடும். பார்வைக்கு விதை அப்படியே இருக்கும். போதுமான அளவு காய்ந்ததா என்று பார்க்கப் பல்லே கருவி: கடித்தால் பல் தடம் விழக் கூடாது.

இனி வண்டு. பயறு விதை சேமிப்பின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது. நெற்று கொடியில் தொங்கும்போதே பயறு வண்டு வந்து முட்டையிட்டுவிடும். விதையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வழவழப்பான தோலின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய புள்ளிகள் ஒட்டியிருப்பது தெரியும். முட்டை பொரிந்ததும் புழு வெளியே வராது. முட்டைக்கு நேர் கீழே தோலைத் துளைத்து விதைக்குள் இறங்கி, துளைத்த தூளை முட்டைக்கூட்டுக்குள் தள்ளும். அதனால் பொரிந்த முட்டை பளீரென்று வெள்ளையாகத் தெரியும். உள்ளே பருப்பைத் தின்று வளர்ந்தபின், வெளியேற வேண்டிய இடத்தில் தோலை மட்டும் விட்டு வட்டமாகச் சுரண்டி வைத்திருக்கும். மங்கிய சிறு சன்னல் போன்ற அந்த வட்டத்தைக் கண்டால், வண்டு இன்னும் சில நாளில் வெளிவரும் என்று பொருள். முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம். டப்பாவில் நாலு விதையில் இருந்த வண்டு, கவனிக்காமல் விட்டால் ஆடிக்குள் டப்பா முழுவதையும் தூளாக்கிவிடும்.

பழைய முறைகள் பலவும் இந்த உயிர்ச்சுழலின் ஒவ்வொரு கண்ணியை அறுப்பவை. துவரைக்குச் செய்வது போல் செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்தால், மண் தூள் முட்டையிடும் இடத்தை மூடுவதோடு வண்டின் உடலிலுள்ள மெழுகுப் பூச்சைத் தேய்த்து அதை உலர்த்திக் கொல்லும். சலித்த அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். ஒரு கிலோ விதைக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெயோ வேப்பெண்ணெயோ தடவினால், முட்டைக்குக் காற்றுப் போகாமல் கரு மூச்சடைத்துச் சாகும். அடுப்புக்கு மேல் உறியில் கட்டிய சுரைக்குடுக்கையில் புகை பட்டே விதை காய்ந்திருக்கும். வேப்பிலை, நொச்சி இலையை மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. விதை நன்றாகக் காயாமல் இருந்தால், எந்த இலையும் காப்பாற்றாது. இலையும் காய்ந்திராவிட்டால் அதுவே ஈரத்தைச் சேர்த்துவிடும். இன்றைய வீட்டில் இன்னொரு உறுதியான வழி இருக்கிறது. நன்கு காய்ந்த விதையைக் காற்றுப்புகாத பாட்டிலில் அடைத்துக் குளிர்ப்பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாமே சாகும். வெளியே எடுத்ததும் உடனே திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும் வரை மூடியே இருக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த விதை மேல் நீர் வியர்த்துப் படியும்.

விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும் என்பது சூட்டையும் ஈரத்தையும் பொறுத்தது. விதையியலாளர் ஹாரிங்டன் சொன்ன கணக்குப்படி, விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் சூடு ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஃபாரன்ஹீட்டில் சூட்டையும் சதவீதத்தில் காற்றின் ஈரத்தையும் கூட்டினால் 100-க்குள் இருப்பது நல்லது. கடலோர ஊர் ஒன்றில் 86 டிகிரிச் சூடும் 70 சதவீத ஈரமும் இருந்தால் கூட்டுத்தொகை 156. அங்கே அலமாரியில் திறந்து கிடக்கும் விதை அடுத்த ஆடியைத் தாண்டுவதே அரிது. அதே விதையை மூடிய கண்ணாடிப் பாட்டிலில், அடியில் வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு துணி முடிச்சாகப் போட்டு, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் மூன்று நான்கு ஆண்டு நிற்கும்.

ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்பு, ஆனியில், முளைப்பைப் பார்த்துவிட வேண்டும். ஈரத் துணியில் 20 விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, துணி காயாமல் ஒரு வாரம் வைத்து எண்ணினால் போதும். சான்று பெற்ற அவரை, தட்டைப்பயறு விதைகளுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 75 சதவீதம். அதாவது இருபதில் பதினைந்து. பத்துதான் முளைக்கிறது என்றால் விதையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. குழிக்கு விதையைக் கூட்டி அந்த ஆண்டே ஊன்றி, புது விதை எடுத்துவிட வேண்டும். இனியும் தள்ளிப்போட முடியாது என்பதற்கு அதுதான் எச்சரிக்கை.

பெரிய விதை வங்கிகள் இந்த வேலையை வேறு அளவில் செய்கின்றன. 1976-இல் தொடங்கிய தேசியத் தாவர மரபணு வளங்கள் அமைப்பு தில்லியில் மைனஸ் 18 டிகிரியில் விதைகளைப் பாதுகாக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் உலகப் பெட்டகம் இயங்குகிறது. அவை இன்றியமையாதவை. ஆனால் உறைந்து கிடக்கும் விதை மாறிவரும் மழைக்குப் பழக முடியாது. அதை எப்போது ஊன்றுவது, எந்தப் பருவத்தில் பறிப்பது, எப்படிச் சமைப்பது என்ற அறிவையும் பெட்டகத்தில் அடைக்க முடியாது. அது ஆண்டுதோறும் ஊன்றிச் சமைக்கும் வீடுகளில்தான் தங்கும்.

விதையை அடுத்தவருக்குக் கொடுப்பதில் சட்டச் சிக்கல் ஏதும் இல்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விளைந்த விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவருக்குள்ள உரிமையை உறுதிசெய்கிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே அது தடுக்கிறது. கொடுக்கும் விதையோடு பெயர், ஊர், பூ நிறம், விதைக்கும் மாதம், நெற்றெடுத்த ஆண்டு ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதிப் போட வேண்டும். குறைந்தது இரண்டு வீடுகளிலாவது அதே விதை இருக்க வேண்டும், வேறு தெருவில் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு வீட்டில் குரங்கோ வெள்ளமோ அழித்ததை மற்ற வீட்டிலிருந்து வாங்கிக்கொள்ளலாம். கையிலிருக்கும் விதை முழுவதையும் ஒரே ஆடியில் ஊன்றிவிடவும் கூடாது. பாதியை வைத்திருந்து, மாசியில் புது நெற்று காய்ந்து பாட்டிலுக்குள் போனபின்தான் பழையதை வேகவைக்கக் கொடுக்கலாம்.